மார்கழி, தையில் கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கியதும் கொழும்புப் பயணம் பற்றிய கடிதங்கள் வந்து சேரத் தொடங்கிவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, தேவையானவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறோம்.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் கொழும்பு குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள். சித்திரை விடுமுறைக்குப் போய் வெக்கையில் வதங்கித் திரும்பினோம். இப்போது போனால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? எந்த வாரங்கள் நல்லவை? (வாசகி, கொட்டகலை)

பதில்: வித்தியாசம் தெரியும், ஆனால் நண்பகலில் தேடாதீர்கள். நண்பகல் வெப்பம் ஏப்ரலிலும் ஜனவரியிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 31 பாகை செல்சியஸ் அளவு. மாறுவது இரவு. ஏப்ரலில் விடியற்காலைகூட 24, 25 பாகையில் நிற்கும். ஜனவரியில் 22 வரை இறங்கும், சில நாள் இன்னும் ஒரு பாகை குறையும். காற்றின் ஈரமும் குறைவதால் வியர்வை உடம்பில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் காய்ந்துவிடும். சித்திரையில் உங்களை வாட்டியது வெயிலைவிட அந்த ஈரம்தான்.

இதற்குக் காரணம் நம் மலைகள். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று வங்கக் கடலிலிருந்து கொண்டுவரும் மழையைப் பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்துச் சரிவுகளிலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மேற்கே இறங்கும்போது காற்று காய்ந்துபோகிறது. அதனால்தான் பதுளையில் குடை பிடிக்கும் நாட்களில் கொழும்பில் வானம் நீலமாக இருக்கிறது. இரவில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும், அதுதான் காலை நேரத்துக் குளுமை. முற்பகலுக்குப் பிறகு காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும்.

கொழும்பின் பெருமழை ஒக்டோபர், நவம்பரில். அந்த இரண்டு மாதங்களிலும் தலா 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். டிசம்பரில் அது பாதியளவுக்குக் குறையும், ஜனவரி, பெப்ரவரியில் 60 முதல் 80 மில்லிமீற்றர்தான். டிசம்பர் முதல் பாதியில் பின்நேர இடிமழை இன்னும் மிச்சமிருக்கும். ஆகவே டிசம்பர் கடைசி வாரம் முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை, அதாவது மார்கழிப் பிற்பாதியும் தை முழுவதும், மிக நல்ல காலம். அதற்குப் பிறகு காற்று ஓய்ந்து புழுக்கம் ஏறிவிடும்.

குளிர் என்ற சொல்லை மட்டும் நம் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். கொழும்பின் வழக்கமான தை விடியல்கூட, நுவரெலியாவின் நண்பகல் அளவுக்குச் சூடாக இருக்கும். இந்தக் காலத்தில் கொழும்பில் உங்களுக்குரியவை காலை 10.30 வரையும், மாலை 4 மணிக்குப் பிறகும். நடுவில் வரும் நேரம் தை மாதத்திலும் வெயில் நேரம்தான். பயணத்தை நாளாகத் திட்டமிடுவதைவிட மணியாகத் திட்டமிடுங்கள்.

கேள்வி: 72 வயது அம்மாயியையும் 8 மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நுவரெலியாவிலிருந்து போகிறோம். அம்மாயி பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுக்கிறார். என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, நுவரெலியா)

பதில்: நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் சுமார் ஆறரைப் பாகை சூடு ஏறும். அப்படியானால் ஒரே பகலில் உங்கள் உடம்பு 12 பாகை வித்தியாசத்தைச் சந்திக்கிறது. வெக்கைக்கு உடம்பு முழுவதும் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். மூன்று நாள் பயணத்தில் அது நடக்காது. எனவே பழகிவிடும் என்று காத்திராமல், முதல் நாளை ஓய்வுக்கென்று ஒதுக்குங்கள். வந்த அன்றே புறக்கோட்டைக் கடைத்தெருவில் அலைவதுதான் வயதானவர்களை விழுத்துகிறது.

குழந்தையின் உடுப்பில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. விடியற்காலையில் ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காலுறை எல்லாம் போட்டுக் கிளம்புகிறோம். குழந்தை தூங்குகிறதே என்று இறங்கும் வரை ஒன்றையும் கழற்றுவதில்லை. கைக்குழந்தைக்கு வியர்த்துச் சூட்டை வெளியேற்றும் திறன் குறைவு, தலையும் மூடியிருந்தால் உடம்பு கொதிக்கத் தொடங்கும். ஒரே தடித்த உடுப்புக்குப் பதிலாக மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் ஸ்வெட்டர் என்று போடுங்கள். பஸ்ஸில் போனால் கித்துல்கலையில் தொப்பியையும் ஸ்வெட்டரையும் கழற்றுங்கள், யட்டியாந்தோட்டை தாண்டியதும் ஒரு சட்டை போதும். ரயிலில் போனால் கடுகண்ணாவையில் தொடங்கி ரம்புக்கனைக்குள் முடித்துவிடுங்கள். பிடரியில் கைவைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் ஓர் உடுப்பு அதிகம். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். கழற்றிய ஸ்வெட்டரைப் பையின் அடியில் போடவேண்டாம். ஏ.சி. பஸ்ஸுக்கும், திரும்பி வரும்போது அட்டனுக்கு மேலேயும் அது தேவைப்படும்.

அம்மாயி எடுக்கும் பிரஷர் குளிசையில் சிறுநீரைக் கூட்டும் வகை இருக்கலாம். வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்தக் கூடாது. பயணத்துக்கு முந்திய கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லி அவர் சொல்வதைச் செய்யுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால், அதை ஈரத் துணியில் சுற்றி, பையின் நடுவில் துணிகளுக்குள் வையுங்கள். பஸ்ஸின் மேல்தட்டிலோ ஜன்னல் வெயிலிலோ வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். ஐஸ் கட்டிமேல் நேராக வைத்தாலும் உறைந்து கெட்டுவிடும். வெக்கையில் சீனி சட்டென்று இறங்குவதும் உண்டு, கையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, வைத்தியர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். தாகம் எடுத்த பிறகு குடிப்பது மலையில் சரி. கொழும்பில் தாகம் தெரிவதற்கு முன்பே உடம்பு காய்ந்திருக்கும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடிக்கும், பீலித் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள் முகம் சுளித்துக் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். கொதிக்கவைத்து ஆறவிட்டால் வாசம் போய்விடும். ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பைக்கற் வாங்கினால் உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பைக்கற்றையும் கரைக்க வேண்டும். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைத்தால் உப்பின் அளவு பிசகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஓர் அறிகுறியை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். உடம்பு அனலாகச் சுட்டு, பேச்சு தடுமாறி, ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால் அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் ஒற்றி விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: பதுளையிலிருந்து ரயிலா, பஸ்ஸா? அட்டனிலிருந்து ஏறும் உறவினர்கள் இந்த மாதங்களில் ரயிலில் கால் வைக்கவே இடமில்லை என்கிறார்களே? (வாசகர், ஹாலிஎல)

பதில்: பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு 292 கிலோமீற்றர் ரயில் பாதை, ஒன்பதரை முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். பெரகலை, இரத்தினபுரி வழியாகப் போகும் பஸ் ஆறு, ஏழு மணி நேரத்தில் சேர்த்துவிடும். வயதானவர், குழந்தை இருந்தால் எங்கள் தெரிவு ரயில்தான். கழிவறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், வாந்தி வராது. ஆனால் ஆசனம் பதிவு செய்திருக்க வேண்டும். 30 நாட்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும், விடுமுறைக் கால ஆசனங்கள் அன்றே போய்விடுவதும் உண்டு.

பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கினிகத்தேனை வளைவுகளும் பெரகலை இறக்கமும் சோதனைதான். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஆசனங்களில் ஆட்டம் மிக அதிகம், முன்பாதியில் உட்காருங்கள். பிள்ளைகளைப் போன் பார்க்க விடாதீர்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இடியப்பமோ ஒரு துண்டு பாணோ போதும். வாந்திக் குளிசையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போடவேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது.

அட்டன் நெரிசலுக்குக் காரணம் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை அது நீடிக்கும். சனி இரவு மலை ஏறியவர்கள் ஞாயிறு பகல் முழுவதும் அட்டனுக்கு வந்து கொழும்புப் பக்கம் இறங்குவார்கள். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கும் அப்படித்தான். செவ்வாய் அல்லது புதன் காலையில் இறங்கி, வியாழனன்று திரும்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெள்ளி மாலை கோட்டையிலிருந்து மலைக்கு ஏறும் ரயிலையும் தவிர்த்துவிடுங்கள்.

பாதையின் நிலையைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை எத்தனை இடங்களில் அறுந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். ரயில் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதைப் பக்கத்து ஸ்டேஷனில் முதல் நாள் மாலையே கேளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வரும். உங்கள் பாதையில் உள்ள பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் போட்டாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள். ரிக்கற் காசை நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கோயில், நூதனசாலை, கடல் மூன்றையும் காட்ட முடியுமா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: முடியும், ஒழுங்கு மாறக் கூடாது. விடியலில் கோட்டையில் இறங்கினால் முதலில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பிய கோயில், தூண் ஒவ்வொன்றையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், கல் தரையும் வெயிலில் காலைச் சுடும். அதனால் காலை நேரம்தான் சரி. அங்கிருந்து செட்டியார் தெரு வழியாக நடந்தால் பழைய, புதிய கதிரேசன் கோயில்களைப் பார்த்துக்கொண்டே புறக்கோட்டைக்கு வந்துவிடலாம்.

10.30 மணிக்குப் புறக்கோட்டையை விட்டு வெளியேறுங்கள். 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பொது நூலகத்தடியில் இறங்கினால் தேசிய நூதனசாலை நடக்கும் தூரம். 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறந்த கட்டடம் அது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிம்மாசனம் அங்கேதான் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பிடியுங்கள். சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் பொறித்த கல். அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தத் தீவின் துறைமுகத்தில் தமிழ் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று பிள்ளைகளுக்குக் காட்டக் கிடைக்காது. வெயில் உச்சியில் நிற்கும் நேரம் இப்படி உள்ளே கழிந்துவிடும்.

பிறகு வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் போய்ச் சைவக் கடையில் சாப்பிடுங்கள். ஏறும்போதே மீற்றர் போடச் சொல்லுங்கள், இல்லையேல் போன் செயலியில் பதிவு செய்யுங்கள். 4 மணி அளவில் வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து கோட்டைப் பக்கம் போகும் கரையோர ரயிலில் ஏறி, இடப்பக்க ஜன்னலில் பிள்ளைகளை உட்காரவையுங்கள். பாதை நெடுகக் கடல் தெரியும். மாலையில் நெரிசல் எல்லாம் கோட்டையிலிருந்து தெற்கே போகும் ரயில்களில்தான், எதிர்ப்பக்கம் வரும் ரயிலில் அவ்வளவு கூட்டம் இராது. கொம்பனித்தெருவில் இறங்கிக் காலிமுகத்திடலுக்கு நடந்துவிடலாம். ஜனவரி நடுவில் சூரியன் 6.10 அளவில் மறையும், 5 மணிக்கே போய் இடம் பிடியுங்கள்.

இறால் வடை வாங்கினால் உங்கள் கண் முன்னே மீண்டும் எண்ணெயில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் மேலே தூவும் பச்சை வெங்காயமும் தண்ணீராக ஊற்றும் சம்பலும்தான். பிள்ளைகளுக்கு அவை இல்லாமல் வாங்குங்கள்.

கேள்வி: இந்தக் காலத்தில் கடல் அமைதியாக இருக்குமாமே, குளிக்கலாமா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: மேற்குக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருப்பது உண்மை. ஆனால் காலிமுகத்திடல் குளிக்கும் இடம் அல்ல, வெள்ளவத்தையில் தண்ணீருக்குள் பாறை கிடக்கிறது. கல்கிசையில் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், சிவப்புக் கொடி இல்லாதபோது, முழங்கால் அளவோடு நில்லுங்கள். ஆற்றில் நீந்தத் தெரிந்தவர்கள் அதை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது. கரைக்கு வந்த அலை திரும்பும்போது ஓரிடத்தில் சேர்ந்து உள்ளே இழுக்கும். அலை உடையாமல் தட்டையாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்த இழுவை, அது அமைதியான இடம் என்று தோன்றும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்கவேண்டியிருக்கும். இரண்டு தண்டவாளப் பாதைகள் உண்டு, ஒரு ரயில் போனதும் ஓடாதீர்கள், எதிர்ப்பக்கமும் பாருங்கள்.

கேள்வி: கொழும்புக்குப் போய்வந்தால் டெங்கு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். (வாசகி, லிந்துலை)

பதில்: பயணத்தை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆண்டிறுதி மழைக்குப் பிறகு, டிசம்பர், ஜனவரியில் கொழும்பில் டெங்கு கூடும். அந்த நுளம்பு பகலில், அதுவும் காலையிலும் அந்திக்கு முன்னும் கடிக்கும். நீங்கள் வெளியே நடக்கும் நேரமும் அதுதான். முழுக்கைச் சட்டை போடுங்கள், கை கால்களில் நுளம்பு விரட்டி பூசுங்கள், குழந்தை பகலில் தூங்கினாலும் வலை கட்டுங்கள்.

மிக முக்கியம் திரும்பி வந்த பிறகு உள்ள இரண்டு வாரம். கடித்த 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும், அப்போது நீங்கள் குளிரில் இருப்பீர்கள், தடிமன் காய்ச்சல் என்று நினைப்பீர்கள். வைத்தியரிடம் கொழும்புக்குப் போய்வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பரசிற்றமோல் மட்டும் எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள், ஆபத்து பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்று வலி, தொடர் வாந்தி, சிறுநீர் குறைவு, கைகால் குளிர்ந்துபோதல் கண்டால் தோட்டத்து மருந்தகத்தோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மகனுக்கு இழுப்பு உண்டு. மலைக் குளிரைவிட அங்கே நல்லது என்கிறார்கள், சரியா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: குளிர் குறைவதால் சிலருக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கொழும்பின் காற்றுக்கு இது கெட்ட காலம். வடகீழ்க் காற்றோடு இந்தியப் பக்கத்துத் தூசும் புகையும் சேர்ந்து வருகிறது, மழை குறைவதால் அது கழுவப்படுவதும் இல்லை. இழுப்புக்கான பம்பை (இன்ஹேலரை) பயணப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். 7 முதல் 9 மணி வரை மருதானை, புறக்கோட்டைப் பக்கம் மகனோடு நடக்காதீர்கள். தங்குமிடத்தைக் கடலோரமாகப் பாருங்கள்.

கேள்வி: கடவுச்சீட்டு வேலையும் இருக்கிறது. கோட்டையில் இறங்கி எங்கே போவது? (வாசகர், பண்டாரவளை)

பதில்: நாடாளுமன்றம் 1982 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போன பிறகு, அரச அலுவலகங்களும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நகர்ந்தன. குடிவரவுத் திணைக்களம் பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெலைக்குப் போகும் 177 ஆம் இலக்க பஸ் பத்தரமுல்லை வழியாகப் போகும். காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நாள் பதிவு செய்யும் முறையைத் திணைக்கள இணையத்தளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். அந்த வேலையையும் சுற்றிப் பார்ப்பதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

கேள்வி: பொங்கலுக்குத் துணி எடுக்க ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக்குப் போகலாமா? பெப்ரவரியில் போனால் வேறு என்ன பார்க்கவேண்டும்? (வாசகி, அப்புத்தளை)

பதில்: ஞாயிறும் போயாவும் மொத்தக் கடைகள் பூட்டியிருக்கும், நடைபாதை வியாபாரம்தான் நடக்கும். துணிக்குக் கெய்சர் வீதி, நகைக்குச் செட்டியார் தெரு, நாட்டு மருந்துச் சரக்குக்குக் கபோஸ் லேன். வார நாளில் 9 மணிக்கே போய்விடுங்கள், 11 மணிக்குப் பிறகு அந்த ஒழுங்கைகளில் காற்று நுழையாது. பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு முந்திய சில நாட்கள் ஒத்திகைக்காக வீதிகளை மூடுவார்கள். பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டிக் கங்காராமை விகாரையில் நவம் பெரஹர என்ற ஊர்வலம் நடக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் மாலை 4 மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். பார்க்காதவர்கள் அன்று மாலை பேரை வாவிப் பக்கமாக ஆஸ்பத்திரி வேலையோ ரயில் பிடிக்கும் அவசரமோ வைத்துக்கொள்ளாதீர்கள், பஸ்கள் எல்லாம் சுற்றுப் பாதையில் போகும்.